கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தராவிட்டால் என்ன செய்வது? பார் கவுன்சில் புகாருக்கு முழுமையான வழிகாட்டி

விபத்து இழப்பீடு கோர்ட்டில் டெபாசிட் ஆனது, வக்கீல் மூலமாக எடுக்கப்பட்டது, ஆனால் உரியவர் கைக்கு முழுதாக வரவில்லை. நிலம் கையகப்படுத்திய வழக்கில் கூடுதல் தொகை வந்தது, அதுவும் அப்படியே. கேஸ் போடக் கோர்ட் ஃபீஸுக்கென்று பணம் வாங்கினார், ஆனால் கேஸே போடவில்லை. நீதிமன்ற வளாகங்களில் அடிக்கடி காதில் விழும் குறைகள் இவை. நானும் வக்கீல் தொழிலில் இருப்பதால் இதைக் கேட்கும்போது வரும் கோபம் பெரியது. ஏமாந்தவர் பெரும்பாலும் குடும்பத்தில் சம்பாதிக்கும் ஆளை விபத்தில் இழந்தவராகவோ, இருந்த ஒரே நிலத்தை ரோட்டுக்குக் கொடுத்தவராகவோ இருக்கிறார்.

இப்படி நடந்தால் பலர் நேராகப் புகார் எழுதப் போகிறார்கள். "என்னை ஏமாற்றிவிட்டார், நடவடிக்கை எடுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த மனு நிற்காது. முதலில் செய்ய வேண்டியது வேறு: எழுத்து மூலம் கணக்குக் கேட்க வேண்டும். கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது வக்கீல்களுக்கான விதி. கேட்டும் தராவிட்டால் அந்த மறுப்பே தனியாக ஒரு விதிமீறல். வழக்கின் மற்ற பகுதியை நிரூபிக்கச் சிரமப்பட்டாலும், இதை ஒரு கடிதமும் ஒரு தபால் ஒப்புகையும் நிரூபித்துவிடும்.

இது பணப் பிரச்சினைதானா என்று முதலில் பாருங்கள்

வழக்கில் தோற்றது தொழில்முறைத் தவறு ஆகாது. ஃபீஸ் அதிகம் என்ற வருத்தமும் ஆகாது. வாய்தாவுக்கு ஒருமுறை ஜூனியரை அனுப்பினார் என்பதும் போதாது. உங்களுக்குச் சேர வேண்டிய பணம் அவர் கைக்கு வந்து, உங்களிடம் வராமல் இருக்க வேண்டும். அல்லது ஒரு காரியத்துக்கென்று நீங்கள் கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மேலே படியுங்கள்.

விதி என்ன சொல்கிறது

வக்கீல்கள் சட்டம் 1961-ல் வந்தது. அதன் கீழ், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் விதிகள் போட்டிருக்கிறது. அதில் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தில் 25 முதல் 31 வரையிலான விதிகள் கட்சிக்காரர் பணத்தைப் பற்றியவை. எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மனுவில் இதே எண்கள் வர வேண்டும்.

25-வது விதிப்படி, உங்கள் பணத்துக்கு அவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். உங்களிடமிருந்தோ உங்களுக்காகவோ எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, ஃபீஸாக எவ்வளவு எடுத்தார், எந்தத் தேதியில் என்று அதில் இருக்க வேண்டும். 26-வது விதிப்படி, வந்த பணம் ஃபீஸா செலவுக்கா என்று குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுக்குக் கொடுத்த பணத்தை நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் ஃபீஸாக மாற்ற முடியாது. உங்கள் சார்பில் பணம் வந்தால் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்பது 27. கேட்டால் கணக்கின் நகல் தர வேண்டும் என்பது 30. நகல் எடுக்கும் செலவை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கூடாது என்பது 31. "உன் பணத்தைக் கைமாற்றாக வச்சுக்கறேன், வட்டியோட தர்றேன்" என்று சொன்னால் அந்தப் பேச்சே விதிமீறல்.

அவருக்குச் சாதகமானதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 28, 29-வது விதிகளின்படி, வழக்கு முடிந்த பிறகு பேசி முடித்த ஃபீஸ் பாக்கியை அவர் கையில் இருக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஃபீஸ் பேசாமலே விட்டிருந்தால் நீதிமன்ற விதிகளின்படி வரும் ஃபீஸை எடுத்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆகவே "ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது" என்று மனுவில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, விபத்து வழக்குகளில் சகஜமாக இருக்கும் பர்சன்டேஜ் பேச்சு. வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுவதை 20-வது விதி தடை செய்கிறது. நீங்களும் ஒப்புக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். பரவாயில்லை, மனுவில் மறைக்காதீர்கள். அந்த விதி கட்டுப்படுத்துவது வக்கீலை. நீங்கள் மறைத்து அவர் வெளியே சொன்னால், உங்கள் மற்ற வார்த்தைகளின் நம்பகத்தன்மை குறைந்துவிடும்.

நம் நாட்டு ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். ஏமாந்தவருக்குக் கொடுக்க ஈட்டு நிதியும் அங்கே உண்டு. நம் விதிகள் கணக்கு எழுதச் சொல்கின்றனவே தவிர, தனி வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லவில்லை. உங்கள் இழப்பீடும் அவர் வீட்டுச் செலவுப் பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கலாம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை உங்கள் காகிதங்கள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கோர்ட் ரெக்கார்டை எடுங்கள்

வக்கீலிடம் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அவர் உஷாரான பிறகு செய்வது கஷ்டம்.

வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ நிலவரம் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் உண்டு, அதைப் போட்டால் நேராக வந்துவிடும். கேஸ் போட்டுவிட்டேன் என்றவர் போடவே இல்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் காப்பி மனு போடுங்கள். தீர்ப்பு, பணம் எடுக்கப் போட்ட மனு, அதோடு இணைத்த பிரமாண வாக்குமூலம், அதன் மீதான உத்தரவு, பணம் வழங்கிய விவரம், இத்தனைக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். இவற்றில் உங்கள் பெயரில் இருக்கும் கையெழுத்தை உன்னிப்பாகப் பாருங்கள். அது உங்களுடையது இல்லை என்றால் விஷயம் வேறு கட்டத்துக்குப் போய்விடுகிறது.

வக்காலத்தின் நகலையும் வாங்குங்கள். அச்சடித்த வக்காலத்தில் பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். அவர் எந்த உரிமையில் பணம் வாங்கினார் என்பதற்கு அது ஆதாரம். வக்கீலின் பதிவு எண்ணும் அதில் இருக்கும். அந்த எண் பின்னால் தேவைப்படும்.

இழப்பீட்டுத் தொகையை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் எல்லாவற்றையும் வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்துவைத்தால் அந்த உத்தரவாலும் பயன் இல்லை. அப்படிக் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குப் போய்ச் செக்கை நிறுத்திவைத்து, கணக்கு அறிக்கை வாங்குங்கள்.

கணக்குக் கேட்கும் கடிதம்

கடிதம் சின்னதாக இருக்கட்டும். திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். விபத்து வழக்கில் 6,40,000 ரூபாய் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் ரொக்கமாகக் கொடுத்தது 2,50,000. பேசிய ஃபீஸ் 40,000. செலவு 12,000 ஆனது என்று அவரே சொன்னார். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்படி வழக்கில் எனக்காகத் தங்கள் மூலம் பெறப்பட்ட ரூ.6,40,000-ல் ரூ.2,50,000 மட்டும் எனக்குத் தந்துள்ளீர்கள். பேசிய ஃபீஸ் ரூ.40,000, செலவு ரூ.12,000 போக ரூ.3,38,000 எனக்கு வர வேண்டும். பார் கவுன்சில் விதிகள் 25, 30-ன்படி என் கணக்கின் நகலைக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தரவும், மீதித் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும் கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயாராக உள்ளேன்."

15 நாள் என்பது சட்டம் சொன்ன கெடு இல்லை, நியாயமான அவகாசம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கட்டணம் தரவில்லை அதனால் கணக்குத் தரவில்லை என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. விரைவுத் தபாலில், ஒப்புகையோடு அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவர் பார்த்ததற்கான அடையாளத்தோடு படம் எடுத்து வையுங்கள். பதில் வந்தால் அது அவருடைய வாக்குமூலம். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு ஆதாரம்தான்.

புகார் மனு எழுதுவது

எங்கே புகார் செய்வது என்பதை அவர் எந்த ஊரில் தொழில் செய்கிறார் என்பது தீர்மானிக்காது, எந்த மாநில பார் கவுன்சிலின் வக்கீல் பட்டியலில் பதிவு செய்திருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கும். சென்னையில் பதிவு செய்தவர் பெங்களூரில் தொழில் செய்தாலும் புகார் சென்னைக்குத்தான். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில். அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

மனு தமிழிலேயே இருக்கலாம். மாநில ஆட்சி மொழியில் புகார் தர விதி இடம் கொடுக்கிறது. பின்னால் விஷயம் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போனால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புவது மாநில பார் கவுன்சிலின் பொறுப்பு, உங்களுடையது இல்லை. ஆனால் வெறும் கடிதமாக இருக்கக் கூடாது. மனுவாக எழுதி, கையெழுத்திட்டு, சிவில் வழக்கில் பிராதுக்குப் போடுவதுபோல முடிவில் வெரிஃபிகேஷன் வாசகம் போட வேண்டும். எந்தப் பாராக்கள் உங்கள் சொந்த அறிவில் உண்மை, எவை ஆவணங்களைப் பார்த்துத் தெரிந்தவை என்று பிரித்துச் சொல்லும் வாசகம் அது. இது இல்லாமல் திரும்பி வரும் மனுக்கள் உண்டு. கட்டணமும் எத்தனை பிரதி வேண்டும் என்பதும் அவ்வப்போது மாறும், தாக்கல் செய்யும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது? தேதி வாரியாக எழுதுங்கள். ஒரு பாராவில் ஒரு சம்பவம், அந்தச் சம்பவத்துக்கான ஆவணத்தின் எண். எப்போது வக்காலத்துக் கொடுத்தீர்கள், எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது தீர்ப்பு, எப்போது டெபாசிட், எப்போது எடுத்தார், உங்களுக்கு எப்போது எப்படித் தெரிந்தது, எப்போது கணக்குக் கேட்டீர்கள். கடைசியில் எந்த விதி மீறப்பட்டது என்று எண்ணோடு சொல்லுங்கள். அவர் குடும்ப விஷயம், சாதி, கட்சி, வேறு யாரையோ ஏமாற்றிய கதை எதுவும் வேண்டாம். அவற்றை நிரூபிக்க உங்களால் முடியாது, நிரூபிக்க முடிந்ததையும் அவை பலவீனமாக்கும்.

இங்கே கவனம் தேவைப்படும் காரணம் ஒன்று உண்டு. ஒழுங்கு நடவடிக்கை ஒருவரின் பிழைப்பையே பறிக்கக் கூடியது. அதனால் சந்தேகத்தின் பேரில் தண்டிக்க மாட்டார்கள், தெளிவான ஆதாரம் கேட்பார்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத பணம் இருந்தால், அன்று வங்கியில் எடுத்த பதிவு, கூட வந்தவரின் சாட்சி, அதைப் பற்றிப் பேசிய செய்திகள் ஆகியவற்றைச் சேருங்கள்.

புகார் போன பிறகு

பார் கவுன்சில் முதலில் வக்கீலிடம் விளக்கம் கேட்கலாம், உங்களிடம் கூடுதல் விவரம் கேட்கலாம். முகாந்திரம் இருக்கிறது என்று கருதினால் வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர், மூவருமே வக்கீல்கள். "அவங்க ஆளுக்கு அவங்களே நீதிபதியா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இறுதி மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் பல 42-வது பிரிவின்படி குழுவுக்கு உண்டு. சாட்சிக்குச் சம்மன் அனுப்பலாம், ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லலாம், நீதிமன்றத்திலிருந்து ரெக்கார்டை வரவழைக்கலாம். உங்களுக்குக் கிடைக்காத ஆவணம் இருந்தால் அதை வரவழைக்கும்படி மனுப் போடுங்கள். வக்கீலின் கணக்குப் புத்தகத்தைத் தாக்கல் செய்யச் சொல்லும்படியும் கேளுங்கள். பல பேர் இதைக் கேட்பதே இல்லை.

வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். நோட்டீஸ் வந்தும் ஒரு தரப்பு வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரணையைத் தொடர விதி இடம் தருகிறது. இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். நீங்களே வாதாடலாம், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். உள்ளூரில் யாரும் வர மறுத்தால் வேறு மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

36-பி பிரிவின்படி, புகார் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மாநில பார் கவுன்சில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் விஷயம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். இந்த ஓராண்டுக் கெடுவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. நடைமுறையில் தாமதம் உண்டு. ஆகவே தாக்கல் செய்த தேதியின் முத்திரை உள்ள பிரதியைப் பத்திரமாக வையுங்கள், ஓராண்டு அங்கிருந்துதான் எண்ணப்படும்.

சமரசத்துக்கு ஆள் வந்தால்

வருவார்கள். மூத்த வக்கீல், சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர் என்று யாராவது வந்து, "பாதியை வாங்கிக்க, மனுவை வாபஸ் வாங்கிடு" என்பார்கள். பணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பணம். ஆனால் வங்கி மூலமாக மட்டும். வெற்றுப் பேப்பரிலோ வெற்று முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வாபஸ் வாங்கியதாலோ சமரசம் ஆனதாலோ மட்டும் ஒழுங்கு நடவடிக்கையைக் கைவிடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இது தெரியாமல்தான் பலர் வாபஸ் கடிதம் எழுதிக் கொடுத்துப் பேரம் பேசும் பலத்தை இழக்கிறார்கள்.

இந்த இடத்தில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை முதியவர் ஒருவரின் நிலத்துக்கு வந்த இழப்பீடு 8,118 ரூபாய். 1987 செப்டம்பரில் வக்கீல் அதைக் கோர்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். முதியவர் 1988 ஜூலையில் புகார் கொடுத்தார். ஃபீஸும் செலவும் போக மீதியைக் கொடுத்துவிட்டேன் என்றார் வக்கீல். அடுத்த மாதமே, சமாதானமாகிவிட்டோம் என்று முதியவர் சொல்வதுபோல ஒரு பிரமாண வாக்குமூலம் தாக்கலானது. அது தன்னுடையதே இல்லை என்று முதியவர் மறுத்தார். வாக்குமூலம் போலி என்று முடிவானது. இந்திய பார் கவுன்சில் மூன்று ஆண்டு தடை விதித்தது. வக்கீல் மேல்முறையீட்டுக்குப் போக, அந்தத் தண்டனை போதாது என்று 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பெயரையே பட்டியலிலிருந்து நீக்கியது. தொகை பத்தாயிரம்கூட இல்லை. ஏழையின் பணத்தை எடுத்ததும், பிறகு பொய் ஆவணம் கொடுத்ததும்தான் அங்கே கனமாக நின்றன.

என்ன தண்டனை கிடைக்கும்

புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். குழுவுக்கு உள்ள வழிகள் இந்த நான்குதான்.

எது எப்போது என்பது உண்மைகளைப் பொறுத்தது. சமரசத்தில் வந்த 1,500 ரூபாயைச் சில காலம் தகுந்த காரணமின்றி வைத்திருந்து பிறகு கோர்ட்டில் கட்டிய வக்கீலுக்கு 1997-ல் உச்ச நீதிமன்றம் கண்டனம் மட்டும் கொடுத்தது. நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று 1978-ல் தீர்ப்பானது. காது கேட்காத முதியவருக்கும் அவர் மனைவிக்கும் வர வேண்டிய 15,000, 5,000 ரூபாய்ப் பிராமிசரி நோட்டுகளுக்கு வழக்குப் போடப் பணம் வாங்கிய வக்கீல் வழக்கை ஒழுங்காக நடத்தவில்லை. மாநில பார் கவுன்சில் ஆறு ஆண்டு தடை என்றது, இந்திய பார் கவுன்சில் ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுத்து, தமிழ்நாட்டில் இலவச சட்ட உதவிப் பணி செய்யும்படி சொன்னது. நீதிபதி ஏ.பி.சென் அதை ஏற்காமல் தனித்து எழுதினார். மனிதாபிமானம் நிறைந்த தீர்ப்பு என்று பலர் பாராட்டுகிறார்கள். அந்த முதிய தம்பதியின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது குறைவாகவே படுகிறது.

பணத்துக்கு வேறு வழி

பார் கவுன்சில் வக்கீலைத் தண்டிக்கும். உங்கள் 3,38,000 ரூபாயை வசூலித்துத் தராது. மேலே சொன்ன 2,500 போன்றது உச்ச நீதிமன்றம் தன் அதிகாரத்தில் செய்த விதிவிலக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் பார் கவுன்சில் முடிவுக்காகவே காத்திருந்து, சிவில் வழக்குக்கான காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். பண வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான். புகாரோடு கூடவே சிவில் வழக்கையும் போடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்ட, தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணத்தை எடுத்துச் செலவழித்தது, போலிக் கையெழுத்து, பொய் சொல்லிப் பணம் வாங்கியது என்றால் போலீஸ் புகாருக்கும் இடம் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்கு 316-வது பிரிவு, ஏமாற்றுதலுக்கு 318-வது பிரிவு. "இது சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. போலீஸ் வழக்கு இருப்பதால் பார் கவுன்சில் விசாரணை நிற்க வேண்டியதில்லை, இரண்டும் தனித்தனி.

உத்தரவுக்குப் பிறகு

உத்தரவு உங்களுக்குப் பாதகமாக வந்தாலும், தண்டனை போதாது என்று தோன்றினாலும், உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கிருந்து இன்னொரு 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம். வக்கீலுக்கும் இதே உரிமை உண்டு, தண்டனையை நிறுத்திவைக்கும் தடை உத்தரவும் வாங்கலாம். அதனால் தண்டனை அறிவித்த மறுநாளே அவர் கோர்ட்டுக்கு வருவதைப் பார்த்தால் பதற வேண்டாம், மேல்முறையீட்டில் தடை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அவரிடம் உங்களுடைய வேறு வழக்குகள் இருந்தால் புகார் கொடுக்கும் முன்பே வக்காலத்தை மாற்றிக்கொள்வது நல்லது. ஃபீஸ் பாக்கி இருக்கிறது, கேஸ் கட்டைத் தர மாட்டேன் என்று சொன்னால் அதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டையும் எழுத்திலேயே கேளுங்கள். தர மறுத்தால் அதையும் புகாரில் இன்னொரு பாராவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.